ஃபைனல் போட்ட பத்து வாக்கியம்

வியாழக்கிழமை மாலை ஆறு மணி. எழுதி அழித்த வாக்கியம் பதினொன்று, மிஞ்சியது ஒன்று. அழித்தவள் வாண்டு, மூன்றாம் வகுப்பு, அந்த வீட்டின் ஒரே மகள்.

மிஞ்சிய வாக்கியம் இது: 'பூனை வந்தது, ஆனால் மழை பெய்தது.'

வீட்டுக்கு ஒரே மேஜை இருந்த காலம் அது. சாப்பாடு, இஸ்திரி, வீட்டுப்பாடம் எல்லாம் அதன் மேல்தான். ரப்பர் தூளை ஊதித் தள்ளிவிட்டுத் தட்டு வைப்பார்கள். ஒரு பக்கம் வாண்டு எழுத, மறுபக்கம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே அப்பாவிடம் சொன்னாள்:

"ஆனால், அதனால், அல்லது, மற்றும். இதெல்லாம் வெச்சு சேர்த்து பத்து வாக்கியம் எழுதணுமாம். சனிக்கிழமை காலையில நான் பாப்பேன். சரியில்லேன்னா அன்னிக்குச் சாயங்காலம் நீங்கதான் உக்காந்து சொல்லிக்குடுக்கணும். எனக்கும் ஒரு சாயங்காலம் வேணும்."

அப்பா பத்திரிகை ஆபீஸில் பிழை திருத்துபவர். கடைசிப் பிரதியில் 'ஃபைனல்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதால் ஆபீஸிலும் தெருவிலும் அவர் பெயரே ஃபைனல். சனிக்கிழமை என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சனி மாலை ஐந்திலிருந்து எட்டுவரை அவருக்கு ஞாயிறு மலர் வேலை. வீட்டில் அப்படித்தான் பேச்சு. ஆனால் அந்த நேரத்தில் அவர் இருப்பது தெருமுனைத் தையல்கடையில், துணி வெட்டும் பலகைமேல் விரித்த சதுரங்கத்தின் முன்னால். எதிரே டெய்லர். தொலைந்துபோன சிப்பாய்களுக்குப் பதில் கோட்டுப் பட்டன். நாலு வருஷமாக ஒரு வாரம் தவறியதில்லை.

"சனிக்கிழமை மலர் வேலை இருக்கேம்மா."

"அப்ப நாளைக்குள்ள முடிச்சுடுங்க."

"முடிச்சுட்டாப் போச்சு. ஊருக்கே தமிழ் திருத்தறவன் நான்."

"ஊரு வேற, வாண்டு வேற."

மறுநாள் அது புரிந்தது. நிருபர்கள் வாரி இறைக்கும் 'ஆனால்'களையும் 'மேலும்'களையும் அடித்து அடித்தே கை காய்த்துப்போனவர் அவர். வெட்டிப் பழகிய கைக்கு ஒட்ட வரவில்லை.

"பூனைக்கும் மழைக்கும் என்னடி சம்பந்தம்?"

"பூனை நனையும்ல?"

"அப்படின்னா, மழை பெய்தது, அதனால் பூனை நனைந்தது."

"நனையலைப்பா. நான்தான் கதவைத் திறந்து விட்டேனே."

"சரி. மழை பெய்தது, ஆனால் பூனை நனையவில்லை. எழுது."

"நேத்து மழையே பெய்யலையே."

ஃபைனல் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு, புது நிருபர்களுக்குச் சொல்லும் பாடத்தையே எடுத்துவிட்டார்.

"இட்டுக்கட்டாதே. கண்ணால பாத்ததை மட்டும் எழுது. யாரு, எங்கே, எத்தனை மணிக்கு. ஒண்ணால இன்னொண்ணு வந்தா அதனால். ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலேன்னா ஆனால்."

வாண்டு பென்சிலைக் கடித்தாள். "ஒத்துப்போகாதது நிறைய இருக்குப்பா," என்றாள். அரை மணியில் பத்தும் வந்துவிட்டது.

அவர் எழுத்து எழுத்தாகப் பார்த்தார். பிழை பார்க்கும் கண்ணில் எழுத்துதான் படும், சேதி படாது. சொந்தப் பெரியப்பாவின் இரங்கல் செய்தியில் இரண்டு சந்திப்பிழை திருத்தி அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து தந்தியைப் பார்த்து அழுதவர் அவர். வாண்டின் நோட்டில் மூன்று ஒற்று சேர்த்தார், ஒரு 'ர'வை 'ற' ஆக்கினார். பழக்கதோஷத்தில் அடியில் 'ஃபைனல்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

சனிக்கிழமை காலை மனைவி சத்தமாகப் படித்தாள்.

"ஏழாவது. 'சனிக்கிழமை அப்பா ஆபீஸ் போகிறேன் என்றார், ஆனால் ஐந்து மணிக்கு டெய்லர் கடையில் இருந்தார்.' எட்டாவது. 'டெய்லர் அப்பாவோடு விளையாடினார், அதனால் என் சட்டையைத் தைக்கவில்லை.' ஒம்பதாவது. 'அப்பா ஜெயிப்பார் அல்லது சண்டை போடுவார்.'" நோட்டை மூடினாள். "நல்லாத்தான் சொல்லிக்குடுத்திருக்கீங்க."

"குழந்தை ஏதோ கற்பனையில..."

"நீங்க ஃபைனல் போட்டிருக்கீங்களே."

"கற்பனை இல்லைப்பா," என்றாள் வாண்டு. "கடைக் கண்ணாடி வழியா அம்மாவும்தான் பாத்தா."

ஃபைனல் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். "எப்போலேர்ந்து தெரியும்?"

"மூணே முக்கால் வருஷமா. துணி கேக்கப் போனா டெய்லர் என் முகத்தையே பாக்க மாட்டார்."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா மலர் வேலைம்பீங்க. கல்யாணமான புதுசுல மொட்டைமாடியில யாரோட ஆடுவீங்க, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. காயும் துணிகளுக்கு நடுவே ஒரு பாய். அவள் ராணியை நகர்த்தும்போது பலகையில் வளையல் இடிக்கும் சத்தம். வெளிச்சம் போன பிறகும், காய் எது கட்டம் எது என்று தெரியாமல் தடவித் தடவி ஆடுவார்கள். தொடர்ந்து பத்தொன்பது வாரம் அவள் ஜெயித்தாள். இருபதாவது வாரம் ராஜாவைக் காணோம் என்று சொல்லி அவர் பெட்டியைப் பரணில் போட்டார். பிறகு வாண்டு பிறந்தாள். மனைவியும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

"ராஜா தொலையலைன்னு அன்னிக்கே தெரியும். உங்க மூக்குக்கண்ணாடிக் கூட்டுல இருந்துச்சு."

அவர் நோட்டை மேஜை ஓரமாகத் தள்ளி வைத்தார். "சரி. இனிமே சனிக்கிழமை சாயங்காலம் மூணு பேருமே டெய்லர் கடைக்குப் போவோம்."

"ஆட்டத்துக்கு ரெண்டு பேர் போதும்," என்றாள் மனைவி. "அதான் உங்களுக்கு மலர் வேலை இல்லைன்னு ஆயிடுச்சே. வாண்டுக்கு அடுத்த பாடம் ஆரம்பிச்சுட்டாங்க."

1987 மார்ச் 14, சனிக்கிழமை மாலை, தையல்கடையில் அவள் டெய்லரோடு இரண்டு ஆட்டம் ஆடி இரண்டிலும் ஜெயித்தாள். ஃபைனல் வீட்டில் வாண்டுக்கு நிறுத்தற்குறி சொல்லிக்கொடுத்தார்.