பெருந்துறையில் கண் திறந்த கதை

"இப்பத்தான் எந்திரிச்சியா?" என்று என்னிடம் கேட்காத ஆள் இந்தப் பக்கத்தில் இல்லை. கல்யாண வீட்டிலும் கேட்டிருக்கிறார்கள், எழவு வீட்டிலும் கேட்டிருக்கிறார்கள். என் தப்பு ஒன்றும் இல்லை. புருவத்துக்குக் கீழே இருக்கிற தோல் கொஞ்சம் தாராளமாக இறங்கி, இமையின் மேல் குடை மாதிரி கவிந்திருக்கும். அதற்குள்ளே நான் முழித்துக்கொண்டுதான் இருப்பேன். (கேட்கிறவர்களைவிட நன்றாகவே.)

இந்தக் கண்ணால் எனக்கு ஒரு வேலையே போயிற்று. சூலூர்ப் பக்கம் ஒரு மில்லில் நூலின் தரம் பார்க்கும் வேலை. குனிந்து தராசைப் பார்த்துக்கொண்டிருந்தவளைக் கேமராவில் பிடித்து, தூங்குகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தராசு பார்க்கிறவள் கூரையையா பார்ப்பாள்? கேட்டேன். கத்தித்தான் கேட்டேன். அதையும் சேர்த்து எழுதிக்கொண்டார்கள்.

சத்தியமங்கலத்தில் வீட்டோடு மூன்று மாதம் கிடந்தேன். அப்புறம் பெருந்துறைத் தொழிற்பேட்டையில் ஒரு மில், அதே வேலைக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டது. இந்தத் தடவை ஒருத்தர் வாயிலிருந்தும் 'தூங்குமூஞ்சி' என்று வரக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் குறி.

வீடியோ பார்த்துப் படித்தேன். எங்கள் மாதிரிக் கண்ணுக்கு எல்லாமே தலைகீழ். கண்ணை மூடிக்கொண்டு மை தீட்டினால், திறக்கும்போது மடிப்பு அதை விழுங்கிவிடும். மேலே இன்னொரு கோடு அச்சு விழும். எனவே கண்ணாடியை நேராகப் பார்த்து, கண்ணைத் திறந்தபடியே, மடிப்புக்கு மேலே காப்பிக்கொட்டை நிறத்தில் பொய்யாக ஒரு நிழல் பூச வேண்டும். அதற்கும் முன்னால், மடிப்பைத் தூக்கி நிறுத்த இமையில் ஒரு மெல்லிய டேப் ஒட்ட வேண்டும். அந்த டேப்புக்குச் சத்தியில் நான் எங்கே போவது? மெடிக்கலில் வேலை செய்யும் என் தங்கை, காயத்துக்கு ஒட்டுகிற டேப்பைக் கொண்டுவந்தாள்.

"நூலாட்டம் வெட்டி ஒட்டோணுமாம்க்கா."

"நூலாட்டம் ஒட்டுனா நூலளவுதான் தூக்கும். அகலமா வெட்டுடி."

"கண்ணு மூட முடியாதுக்கா."

"மூடறதுக்கா இத்தனை பாடு படறேன்?"

புருவம் வரைக்கும் ஒட்டினாள். மேலே நிழலைப் பூசினேன். டேப் மறைந்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, கண்ணாடிக்குள் முழித்திருக்கிற நான். (கொஞ்சம் அழகாகக்கூடத் தெரிந்தேன். சிரிக்க வேண்டாம்.)

நேர்காணலன்று விடியுமுன் எழுந்தது, பஸ் அலுப்பு எல்லாம் சேர்ந்துகொண்டது. மில்லில் நேர்காணலுக்கு வந்த எங்கள் பன்னிரண்டு பேரையும் குளிரூட்டிய அறையில் உட்காரவைத்து, விளக்கை அணைத்து, திரையில் பருத்திக்காட்டைக் காட்டினார்கள். முதலாளி ஒற்றைத் தறியோடு ஆரம்பித்துக் கஷ்டப்பட்டு மேலே வந்த கதையை எச்.ஆர். சார் சொன்னார். குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது. பருத்தி அசைந்தது. அசைந்து நுரையாயிற்று. நுரை பவானி ஆறாயிற்று. எச்.ஆர். சார் டையோடு முழங்கால் தண்ணீரில் நின்று பேசிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி நூல் சுற்றிய கோன்கள் வாத்துக் கூட்டம் மாதிரி மிதந்து போயின. ஒன்றைப் பிடித்தேன். நூல் பிரிந்து நீண்டது. அதைப் பிடித்துக்கொண்டே ஆற்றுக்குள் நடந்தேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. தூங்குகிறாயா என்று யாரும் கேட்கவில்லை. என் ஆயுசில் அவ்வளவு நிம்மதியாகத் தூங்கியதில்லை.

கண் மட்டும் திறந்தே இருந்திருக்கிறது. மூடாத கண்ணில் தண்ணீர் கோத்து, கன்னத்தில் தாரையாக வழிந்திருக்கிறது.

விளக்கு எரிந்தது.

"பாருங்க," என்றார் எச்.ஆர். சார். என்னைக் கைகாட்டினார். "எத்தனையோ பேருத்துக்கு இந்தக் கதையச் சொல்லியிருக்கறனுங்க. இந்த அம்மணி மட்டுந்தான் கண்ணுகூடச் சிமுட்டாமக் கேட்டு அழுதிருக்காங்க. ஏனுங்க அம்மணி, நாஞ் சொன்னதுல உங்க மனசுல நின்னது எதுங்க?"

பக்கத்துப் பெண் இடித்தாள். எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் இன்னும் கரையேறவில்லை.

"தண்ணி முழங்கால் அளவுதானுங்க சார். பேண்ட்டை மடிச்சு உட்டுட்டு வாங்க. நாங் கையப் புடிச்சுக்கறேன்."

அந்த நேரம் பார்த்துக் கண்ணீரில் ஊறிய இடது டேப் கழன்றது. வலது கண் ஆந்தை மாதிரி திறந்திருக்க, இடது கண் மட்டும் பொத்தென்று மூடியது. நீட்டிய கையோடு, பதினொரு பேர் பார்க்க, எச்.ஆர். சாருக்குக் கண்ணடித்துவிட்டேன்.

"அம்மணி!"

"ஐயோ, தூங்கிட்டேனுங்க! இது டேப்புங்க!" என்று வலது டேப்பைப் பிய்த்துக் காட்டினேன். பாதிப் புருவமும் சேர்ந்து வந்தது. வலியில் கோபம் தலைக்கேறிவிட்டது. "அங்க முழிச்சிருந்தவளத் தூங்கறேன்னு அனுப்பிப்போட்டாங்க. இங்க தூங்குனவளப் புடிச்சுப் பாராட்டறீங்க. கண்ணப் பாத்து என்னங்க தெரியும் உங்களுக்கெல்லாம்?"

அவர் என் விண்ணப்பத்தை மடித்துக் கோப்பின் அடியில் வைத்தார்.

"போயிட்டு வாங்க அம்மணி. சொல்லியனுப்பறோமுங்க."

இத்தனை 'ங்க' போட்டு ஒருத்தர் வழியனுப்பினால், திரும்பி வராதே என்று அர்த்தம். சொல்லியனுப்பவும் இல்லை. புருவம் முளைக்க இரண்டு மாதம் ஆயிற்று. அதன்பின் வேறொரு மில்லுக்கு வெறும் மூஞ்சியோடு போனேன். "தூக்கமுங்களா?" என்றார்கள். "இல்லீங்க, பொறப்பே இப்படித்தான்," என்றேன். வேலை கிடைத்தது.

வீட்டில்தான் மானம் போயிற்று. தங்கை என் கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மகள் பிறந்து பேசவும் ஆரம்பித்துவிட்டாள்; இன்றைக்கும் என் கண் பாதி மூடியிருந்தால்தான் அவர் என்னிடம் வீட்டு விஷயம் முழுவதையும் பேசுவார். என்றைக்காவது நான் கண்ணை அகல விரித்து ஆர்வமாகக் கேட்டால், பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு மகளிடம் சொல்வார்:

"சத்தம் போடாத கண்ணு. அம்மா தூங்கிட்டா."