தரிசில் காய்த்த பூசணி

அன்புள்ள தம்பிக்கு (அன்புள்ள என்பது வழக்கத்துக்காகப் போட்டது),

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அண்ணி, மாடுகள் எல்லோரும் சுகம். உன் சுகத்தை விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்குத் தபாலா என்று சிரிக்காதே. உன்னோடு இனி பேசுவதில்லை என்றுதான் முடிவெடுத்திருக்கிறேன், எழுதுவதில்லை என்று அல்ல.

ஒரு வருஷம் நிலத்தைத் தரிசாகப் போட்டால் அரசாங்கம் மானியம் தரும் என்றார்கள். நம் இருவருக்கும் பொதுவான கிணற்றில் புகைந்துபோன மோட்டாரை அந்தப் பணத்தில் மாற்றிவிடலாம் என்று நானும் கையெழுத்துப் போட்டேன். சும்மா இருப்பதற்குச் சம்பளம் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும், இருந்து பார்த்தால் தெரியும். காலையில் மண்வெட்டியை எடுப்பேன், ஞாபகம் வந்து திரும்ப வைப்பேன். மனசு கேட்காது என்று நிலத்துப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். அப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு வருஷத்தை ஓட்டி, நேற்று மானிய ஆபீசரோடு போய்ப் பார்த்தால், கிணற்று மூலையில் உன் பூசணிக்கொடி ஜம்மென்று படர்ந்து கிடக்கிறது! "நல்லா வளர்த்திருக்கீங்க" என்றார் ஆபீசர். "நான் வளர்க்கலைங்க, தம்பியோட கொடி, வரப்பு தாண்டி வந்திருக்கு" என்றேன். "அப்ப உங்க நிலத்துல தம்பி சாகுபடி பண்றாரா?" என்றார். "கொடிதாங்க பண்ணுது" என்றேன். "பூ மட்டும் இருந்தா களைன்னு எழுதிடுவேன். காய் விட்டுடுச்சே. காய் விட்டா சாகுபடி. மானியம் கிடையாது" என்று சொல்லிவிட்டு, சாட்சிக்கு வேண்டும் என்று இருப்பதிலேயே பெரிய காயாகப் பார்த்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். எதிர்ப்பக்கத்து லாரிக்காரருக்கு மானியம் வந்துவிட்டது, தெரியுமா? அவர் நிலம் முழுக்கப் பாறை, அதில் லாரி நிறுத்துகிறார். அந்தப் பாறை விதிப்படி நடந்துகொண்டதாம்! வயிறு எரிகிறதடா எனக்கு.

ஏன்டா, கொடி போடத் தெரிஞ்சவனுக்கு அதை இழுத்துக் கட்டத் தெரியாதா? சின்ன வயசுலேருந்தே நீ இப்படித்தான். ஒரே பாயில படுத்தா விடியறதுக்குள்ள கை, கால் எல்லாம் என் பக்கம் வந்துடும். இப்ப கொடி வந்திருக்கு. மோட்டாருக்கு நான் எங்க போறது? தண்ணி இல்லாம அடுத்த பயிர் உனக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. நல்லா அனுபவி! இனிமே என் வீட்டுப் படி ஏறாதே.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். அதில் உனக்குப் பங்கு கிடையாது.

இப்படிக்கு,
உனக்கு அண்ணனாகப் பிறந்த பாவி

பி.கு.: உறையை ஒட்ட உன் அண்ணியிடம் பசை கேட்டேன். என்ன எழுதியிருக்கிறேன் என்று படித்துக் காட்டச் சொன்னாள். முழுவதையும் கேட்டுவிட்டு, "அது தம்பியோட கொடி இல்லைங்க. நான் போட்ட விதை. மண்ணு வெறுமனே கிடக்கறதைப் பார்க்கப் பார்க்க அழுகையா வந்துச்சு" என்றாள். எனக்கும் வருஷம் முழுக்க அதே அழுகைதான், அவளை என்ன சொல்ல? ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. மோட்டாரைக் கழற்றி ரிப்பேர்காரரிடம் கொண்டுபோவோம், உருட்டிப் புரட்டி ஓட வைப்பார். மேலே உள்ள திட்டுகளை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அவளைத் திட்டினால் எனக்குச் சோறு கிடைக்காது, ஆபீசரைத் திட்டினால் அடுத்த வருஷ மானியமும் கிடைக்காது. கைவசம் தம்பி என்று இருப்பது நீ ஒருவன்தான். நீயே வைத்துக்கொள்.