ஞாயிற்றுக்கிழமை பூகம்பம்

அதிகம் படித்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எவ்வளவு பெரிய முட்டாள்தனத்துக்கும் உடனே ஒரு கோட்பாடு கண்டுபிடித்துவிடுவார்கள். நான் முதுகலை படித்தவள்.

அப்போது ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில் தற்காலிக வேலை. ஒரகடம் பக்கம் நில அதிர்வுமானி ஒன்றைச் சில மாதங்கள் வைத்துக் கண்காணிக்க வேண்டும். குக்கர் அளவுதான் இருக்கும். எறும்பு தும்மினாலும் பதிந்துகொள்ளும் (சொந்தக்காரர்களில் இப்படிச் சிலர் உண்டு).

இடம் தேடி அலைந்தேன். சாலையோரம் என்றால் கன்டெய்னர் லாரி. படப்பையில் திரும்பிய பக்கமெல்லாம் போர்வெல் போடுகிறார்கள். மரத்தடியில் வைத்தாலோ, காற்றடித்தால் வேர் ஆடும். கடைசியில் மணிமங்கலம் தாண்டி, ஸ்டெல்லா அக்கா என்பவரின் வீட்டுப் பின்பக்கம், மண்ணுக்கு மேலேயே பாறை தலைகாட்டியது. அதன்மேல் சிமென்ட் மேடை கட்டினோம்.

"கலவை மிச்சம் கீதும்மா" என்றார் மேஸ்திரி.

"மேடையைப் பெரிசாக்கிடுங்க. நல்லா வழவழன்னு பூசுங்க."

நடுவில் கருவியை வைத்து, தெர்மாகோல் பெட்டியால் மூடி, மேலே ஒரு பிளாஸ்டிக் டிரம்மைக் கவிழ்த்தேன். பக்கத்தில் சோலார் பலகை, பேட்டரி. சனிக்கிழமைதோறும் போய்ப் பதிவுகளை எடுத்துவருவேன்.

முதல் மாதமே அதிர்ந்துபோனேன். ஞாயிறு காலைகளில் மட்டும் பளார் பளாரென்று அதிர்வுகள்! பூகம்பம் வாராவாரம் லீவு நாள் பார்த்து வருமா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். நான் கோட்பாடு கண்டுபிடித்தேன்: ஞாயிறன்று கம்பெனிகள் ஓய்ந்திருப்பதால், பூமியின் மெல்லிய முனகல் நமக்குக் கேட்கிறது!

எங்கள் பேராசிரியர் அசந்துபோனார். "இது உண்மைன்னா உன் வேலையை நீட்டிச்சிடலாம்மா" என்றார். அந்தத் திட்டத்தோடு என் வேலை முடிவதாக இருந்தது. அம்மா அடுக்குமாடி முழுக்கச் செய்தி பரப்பினாள். படப்பையில் மனை வாங்கியிருந்த மாமா, "இப்பவே வித்துடவா?" என்று போன் செய்தார்.

அடுத்த ஞாயிறு பேராசிரியர், இன்னும் இரண்டு விஞ்ஞானிகளோடு வந்து இறங்கினார். ஸ்டெல்லா அக்கா சர்ச்சுக்குப் போயிருந்தார். வீட்டின் முன்பக்க நிழலில் மடிக்கணினியை வைத்து, நீளமான ஒயரால் கருவியோடு இணைத்துவிட்டுக் காத்திருந்தோம். திரையில் ஓடிய கோடு அசையவே இல்லை. அக்கா வந்தார், சிரித்தார், உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் திரையில் கோடு எகிறியது. பளார்! பளார்!

"வந்துடுச்சு சார்!" என்று கத்தினேன். ஒரு விஞ்ஞானி நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். அந்த ஆனந்தத்தில்தான் காதில் விழுந்தது. கோடு எகிறும்போதெல்லாம் பின்பக்கம் 'தொப்'பென்று ஒரு சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். என் வழவழ மேடையில், டிரம்முக்குப் பக்கத்திலேயே, ஸ்டெல்லா அக்கா ஒரு கனத்த பேன்ட்டைத் தலைக்குமேல் தூக்கி அறைந்துகொண்டிருந்தார்.

"இன்னாக்கா இது?" என்றேன்.

"கம்பெனி யூனிஃபார்ம் கண்ணு. வூட்ல மூணு பேரு போறாங்கோ. ஞாயித்துக்கெழமதான் தொவைக்க முடியும். கல்லு சூப்பரா போட்டுக் குட்த்த, நல்லாருப்ப!"

பேராசிரியர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. திடீரென்று அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணீர் வரச் சிரித்தார். "அம்மா, இன்னும் ரெண்டு அடி அடிங்க. மிஷின் நல்லா வேலை செய்யுதான்னு பார்த்துக்கிறோம்."

அக்கா முழு பலத்தோடு அடித்தார். பிறகு சந்தேகமாகக் கேட்டார்: "ஏன் சார், அழுக்கு போவுதான்னு கூட அதுல தெரியுமா?"

கருவி ஒழுங்காக வேலை செய்கிறது என்பது நிரூபணமானதால் (வேறு எதுவும் நிரூபணமாகவில்லை) என் வேலை நீடித்தது. அக்காவுக்கு வாசல் பக்கம் தனியாக ஒரு துவைக்கும் கல் போட்டுக்கொடுத்தோம்; ஞாயிறு காலைகளில் மட்டும் பூமியைக் கவனிப்பதில்லை என்று எங்களுக்குள் ஒப்பந்தம். மாமா மனையை விற்காமல் அங்கேயே வீடு கட்டிவிட்டார். கதையை மட்டும் இன்றுவரை யாரும் விடவில்லை.

போன வாரம் பள்ளியில் என் மகனிடம், அம்மா என்ன வேலை பார்க்கிறாங்க என்று டீச்சர் கேட்டாராம். அவன் பெருமையாகச் சொல்லியிருக்கிறான்:

"யாரு வீட்ல துணி தொவைச்சாலும் எங்கம்மா கண்டுபிடிச்சிருவாங்க மிஸ்!"