அமுக்கு பாயும் ஏழு நாற்பது பஸ்ஸும்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் அமுக்கு பாயின் கட்டைவிரல் படாத கால் ஒன்றுகூட இருக்க முடியாது. டிரைவர் கால், தாசில்தார் கால், பஸ்ஸை மறித்த போலீஸ்காரர் கால் எல்லாம் அதில் அடக்கம். என் காலை மட்டும் பதினொரு முறை அமுக்கியிருக்கிறார்.

மலேசியாவில் இருபத்தாறு வருடம் புரோட்டா மாஸ்டராக இருந்தவர். இதயம் பலவீனமாகி, கடலூர் முதுநகருக்குத் திரும்பிவிட்டார். "நின்னு போவல சார். முழு வேல பாக்க மாட்டேங்குது, அவ்ளோதான்" என்பார். இதயம் தளர்ந்தால் உடம்பில் நீர் தங்கும். கணுக்காலுக்கு மேலே அமுக்கினால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கும். டாக்டர் இதை அவர் காலில் காட்டிக்கொடுத்த நாளிலிருந்து ஊரார் கால்களெல்லாம் அவர் பொறுப்பாயின.

திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணம். பாய் மாப்பிள்ளையின் அப்பா முன்னால் குனிந்தார். ஆசீர்வாதம் கேட்கிறார் என்று எண்ணிய அந்த மனிதர், தன்னைவிடப் பத்து வயது மூத்தவரின் தலையில் அட்சதையைப் போட்டு "நல்லா இருப்பா" என்றார். அடுத்த நொடி "ஐயோ!" என்று துள்ளினார். பாய் நிதானமாக நிமிர்ந்து, "பள்ளம் வுழல. தைரியமா சாப்புடப் போங்க" என்றார்.

காலையில் கடற்கரையில் நடப்பார். நடக்கும்போது மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும், முடியாவிட்டால் உட்கார வேண்டும் என்பது அவர் சட்டம். துணைக்கு ஆள் இல்லாத நாளில் விளக்குக் கம்பங்களிடம் பேசுவார். முதல் வருடம் ஆறு கம்பத்துக்கு ஒருமுறை உட்கார்ந்தார். அடுத்த வருடம் நான்கு. அதற்கடுத்து இரண்டு.

திங்களும் வியாழனும் எங்கள் ஏழு நாற்பது பஸ்ஸில் சிதம்பரம் வருவார். நான் அங்கே அலுவலகத்துக்குப் போவேன். அவர் ஒரு ஆஸ்பத்திரியில் இதய நோயாளிகள் நிற்கும் வரிசைக்குப் போவார். அங்கே நிற்பவர்களின் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து உப்பைத் தேடுவார்.

"கருவாடு இல்லாம கிள்ளையில மனுசன் எப்புடி பாய் பொழைக்கிறது?" என்பார் அந்தக் கடலோர ஊர்ப் பெரியவர் ஒருவர்.

"உப்பு ஜாஸ்தி மாமா, தண்ணிய உடம்புல புடிச்சி வைக்கும். நாப்பது வருசம் தின்னாச்சில்ல, மிச்சத்த பூனைக்குப் போடு."

போகப்போக வாரத்தில் ஐந்து நாளும் வர ஆரம்பித்தார். ஐப்பசி மழையில் ஒருநாள், பஸ் படியில் இரண்டு ஏறியவர் மூன்றாவதில் உட்கார்ந்துவிட்டார். செருப்பு கையில் இருந்தது; காலில் நுழையவில்லை. கண்டக்டர் குனிந்து அவர் காலை அமுக்கினார். விரலை எடுத்த பிறகும் பள்ளம் மூடவே இல்லை. பஸ்ஸில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"தண்ணி மாத்திரை போடலியா பாய்?"

"சிதம்பரம் வர்ற அன்னிக்கு மட்டும் போடறதில்லப்பா. போட்டா வழியில எறங்கி ஒண்ணுக்குப் போவணும். ஒன் பஸ்ஸு எங்க நிக்கிது?"

உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றுவதே அந்த மாத்திரையின் வேலை. மற்றவர்களை எச்சரிக்கப் போவதற்காக, வாரத்தில் ஐந்து நாள் அதை அவர் விழுங்காமல் இருந்திருக்கிறார்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்கப் போன எங்களிடம், "மாத்திரைய வுடக்கூடாதாம். அப்ப பஸ்ஸ வுட்டுட வேண்டியதுதான்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. "யோவ் பாய், மாத்திரைய முழுங்கிட்டு வாய்யா. பஸ்ஸ நான் நிறுத்துறேன்."

புதுச்சத்திரத்தில், பின்புறம் கழிவறை உள்ள ஒரு டீக்கடை வாசலில் பஸ் நின்றது. முதல் நாள் பாய் இறங்கக் கூச்சப்பட்டார். மீன்கூடைக்கார அம்மா எழுந்து, "எல்லாம் அந்தாண்ட திரும்புங்கய்யா! அவரு என்னா பொண்ணு பாக்கவா போறாரு?" என்று அதட்டினார். ஐம்பது பேரும் மறுபக்கம் திரும்பி, அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஒரேயொரு எருமையைக் கவனமாகப் பார்த்தோம். பாய் திரும்பி வரும்போது டீக்கடைக்காரரின் காலையும் அமுக்கிவிட்டு வந்தார்.

அலுவலகத்துக்கு நேரமாகிறது என்று யாரும் முணுமுணுக்கவில்லை. இப்படி ஒரு வருடம் நான்கு மாதம் போனது. மாத்திரையை அவர் ஒருநாளும் விடவில்லை. ஆனாலும் இதயம் தன் போக்கில் தளர்ந்துகொண்டே வந்தது. போன மாசியில், ஒரு புதன்கிழமை, அவர் பஸ்ஸுக்கு வரவில்லை. வியாழன் காலை முதுநகரில் அடக்கம் செய்தார்கள்.

இப்போது எங்கள் பஸ் எங்கும் நிற்காமல் நான்கு நிமிடம் முன்னதாகவே சிதம்பரம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்த நான்கு நிமிடத்தை என்ன செய்வதென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.