சமபங்காளர் அருட்பிரகாசம்

வாசகர்களே, அதிகாரம் செய்பவர்களை அடையாளம் காண்பது சுலபம், சத்தம் போடுவார்கள். 'கலந்து பேசி' முடிவெடுப்பவரை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அவர் சிரிப்பார், நாற்காலியை இழுத்துப் போடுவார், நம் கருத்தைக் கேட்பார், கேட்டு முடித்ததும் நேற்றே தாம் எடுத்த முடிவை நம் பெயரையும் சேர்த்து அறிவிப்பார். இந்த இனத்துக்குச் சமபங்காளர் என்று பெயர்.

ஜேர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்து அருட்பிரகாசம் அதில் அசல் ரகம். தொண்ணூற்றாறில் தேவாலய மண்டபத்துக் கருத்தரங்கு ஒன்றுக்காக, ஐரோப்பா ஆபிரிக்க நாடுகள் முதலியவற்றோடு செய்துகொண்ட லோமே உடன்படிக்கையைத் தமிழில் சுருக்கித் தரும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. கொடுப்பவர், வாங்குபவர் என்ற பேச்சே இல்லை, இருவரும் சமபங்காளிகள் என்று படித்தாரோ இல்லையோ, மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முதல் வீட்டில் திரைச்சீலையின் நிறம்கூடப் பங்காளி முறைதான். தினமும் மாலை ஏழு மணிக்கு ஆலோசனைக் கூட்டம். தலைவர் அவர். அங்கத்தவர், மனைவி பேர்பெச்சுவா.

பேர்பெச்சுவாவுக்கு முதியோர் இல்லத்தில் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, கிடைத்திருந்தது. ஆறு வருடம் காத்திருந்த இடம். வெள்ளிக்கிழமை கையெழுத்து வைக்காவிட்டால் போய்விடும். மகள் சாண்ட்ராவைக் காலையில் கிண்டர்கார்டனில் கொண்டுபோய் விட ஓர் ஆள் வேண்டும், அவ்வளவே.

"உம்மோடை கலந்து பேசாமல் நான் முடிவெடுப்பனே?" என்றார் அருட்பிரகாசம். "அடுத்த வருசம் பாப்பம் எண்டு நாங்கள் ரெண்டுபேரும் முடிவெடுத்திருக்கிறம்."

"நான் எப்ப எடுத்தனான்?"

"அதைச் சொல்லத்தானே கூட்டம். நாங்கள் பங்காளியள்."

"ஊரிலை பங்காளியெண்டால் வேலிக்குச் சண்டை பிடிக்கிற ஆள். சரியான சொல்லைத்தான் பிடிச்சிருக்கிறியள்."

அவர் பெருந்தன்மையோடு சிரித்தார். மாற்றுக் கருத்தை மதிப்பவரல்லவா! அவள் எழுந்துபோய் அவருடைய மொழிபெயர்ப்புத் தாள்களைக் கொண்டுவந்து உரக்க வாசித்தாள்: மனித உரிமையை ஒரு தரப்பு மீறினால், ஆலோசனைக்குப் பிறகு மறுதரப்பு ஒத்துழைப்பை நிறுத்தி வைக்கலாம்.

"அது ஆபிரிக்காவுக்கப்பா!"

"ரெண்டு தரப்புக்கும் எண்டு நீங்கள்தான் எழுதியிருக்கிறியள். ஆலோசனை முடிஞ்சுது."

நிறுத்தினாள். சோறு நின்றது, சட்டையை இஸ்திரி போட்டு மினுக்குவது நின்றது, மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கொடுப்பதும் நின்றது. இரண்டே நாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை பேர்பெச்சுவா கையெழுத்து வைக்கப் போனாள். கிண்டர்கார்டன் வாசலில், கால் மாற்றிச் சப்பாத்து மாட்டிய சாண்ட்ராவைப் பிடித்துக்கொண்டு கசங்கிய சட்டையோடு நின்றார் அருட்பிரகாசம். பேர்பெச்சுவா எங்கே என்று பக்கத்து வீட்டுக் கலாதேவி விசாரித்தாள். அவர் நிமிர்ந்தார்.

"இவ படிக்கட்டும் எண்டு நாங்கள் ரெண்டுபேரும் கலந்து பேசி முடிவெடுத்தம், அக்கா!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். கடைசியாக நீங்கள் 'நாங்கள் முடிவு செய்தோம்' என்று யாரிடமோ சொன்னீர்களே, அந்த இன்னொருவருக்கு அது தெரியுமா?