இமயமலைக்குப் போக நான் விடவில்லையாம்

என் கணவர் இமயமலை ஏறுவதென்று அறிவித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது. சாயம் காயும்வரை அவருக்கு வேறு வேலை கிடையாது. இந்த மாதிரி நேரங்களில்தான் அவருக்கு லட்சியங்கள் வரும்.

"இங்க பாரு. நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன்."

"தலையைச் சாய்க்காதீங்க. சோபா கவர் கறுப்பாகுது."

"இமயமலை ஏறப்போறேன். அடிவாரத்துல நின்னு போட்டோ எடுத்துட்டு வர்ற கதையில்ல. உச்சிக்கு! வழிகாட்டி, கயிறு, ஆக்ஸிஜன் எல்லாம் கம்பெனி ஏற்பாடு. அங்க செத்தவங்களைக் கீழ இறக்கக்கூட முடியாதாம். அவ்ளோ உயரம்."

"சரி."

"என்ன சரி?"

"போயிட்டு வாங்கன்னேன். போகும்போது அந்தப் பழைய பேப்பர் கட்டைக் கீழ போட்டுடுங்க."

அனுமதி கிடைத்த மனிதருக்கு முகம் மலர வேண்டாமா? இவர் முகம் கண்ணெதிரே பஸ்ஸைத் தவறவிட்டவர் முகம் மாதிரி ஆயிற்று. சாயம் ஒரு பக்கக் காதில் வழிந்தது. துடைக்கவும் தோன்றவில்லை அவருக்கு.

எனக்கு எங்கோ உதைத்தது. ஏனென்றால் இவரை எனக்குத் தெரியும். நாங்கள் இருப்பது நான்காவது மாடி. லிஃப்ட் பழுதானால் ஆபீஸுக்கு லீவு போடுகிற ஆள். ஆபீஸும் லேசுப்பட்டதில்லை, இன்ஷூரன்ஸ் கம்பெனி. யாருக்குப் பாலிசி கொடுத்தால் ஆபத்து என்று கண்டுபிடிப்பதுதான் இவர் உத்தியோகம். உலகத்தில் எதைப் பார்த்தாலும் அது எப்படி விழும், எப்படி உடையும், எப்படித் தீப்பிடிக்கும் என்று யோசித்தே தலை நரைத்தவர். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறச் சொன்னால், பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிடுவார். பிறகு ஸ்டூலை உற்றுப் பார்ப்பார். கடைசியில் ஏறுவது நான், பிடித்துக்கொள்வது அவர். இவரா இமயமலை?

விடை அன்று சாயங்காலமே மாடிப்படியில் கிடைத்தது. கீழ் வீட்டுப் பல் டாக்டர் என்னை வழிமறித்தாள். அவள் கணவரும் இவருடைய ஆபீஸ்தான்.

"அக்கா, சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. அண்ணனைப் போக விடுங்களேன்."

"எங்க?"

"மலைக்குத்தான். புது மேனேஜர் மலையேறுறவராம். கம்பெனி செலவுல கூட்டிட்டுப் போறோம், யார் வர்றீங்கன்னு கேட்டாராம். உடனே அண்ணன் எழுந்து நின்னு, 'நான் ரெடி, ஆனா என் வீட்டுல விடணுமே'ன்னாராம். சொல்லும்போது கண்ணு கலங்கிடுச்சாம்."

"இவருக்கா?"

"கேட்டுட்டிருந்தவங்களுக்கு."

"நான் எப்போ விட மாட்டேன்னேன்?"

பல் டாக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். சொத்தைப் பல்லைப் பார்க்கிற பார்வை. "அக்கா, ரத்ததானத்துக்கு நீங்க விடல. ஆபீஸ் நீச்சல் போட்டிக்கு விடல. அதெல்லாம் போகட்டும். நாங்க வீடு மாத்தினப்போ பீரோ தூக்க ஒரு கை குடுங்கன்னு கேட்டோம். அதுக்குமா விடக்கூடாது?"

"பீரோவா?"

"'என் இடுப்புன்னா அவளுக்கு உயிர்'னு சொன்னாராம்."

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதருக்குப் பிடிக்காத ஒவ்வொரு கதவையும் நான் அடைத்திருக்கிறேன். எனக்கே தெரியாமல்! என்னை ஒரு தடவைகூடப் பார்க்காத மனிதர்கள் என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள். போன ஆபீஸ் ஆண்டுவிழாவில் ஒரு கிளார்க் என்னைக் கண்டதும் துள்ளி எழுந்து நாற்காலி கொடுத்தார். நான் அதை மரியாதை என்று நினைத்துப் பூரித்துப்போயிருந்தேன்.

மேலே போய் ஒரு பிடி பிடித்திருக்கலாம். நாக்கு தயாராகத்தான் இருந்தது. ஆனால் பிடித்தால் என்ன ஆகும்? "பார்த்தீங்களா, நேத்து வீட்டுல ரகளை" என்று அதையும் ஆபீஸில் சாட்சியாக வைப்பார். கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். செய்யாத தப்புக்கு முழங்காலில் நிற்பது எனக்கு ஆகவே ஆகாது. "எனக்குப் பயம், அதனால போகல" என்ற வார்த்தை இவர் வாயிலிருந்து, அதே ஆபீஸின் முன்னால் வர வேண்டும். வராவிட்டால் உச்சிக்கே போகட்டும். என் வாயிலிருந்து "வேண்டாம்" மட்டும் வராது.

மறுநாளிலிருந்து அவர் என்னைப் பயமுறுத்தத் தொடங்கினார்.

"அங்க குளிர்ல விரல் கறுத்துப்போயிடும். அப்புறம் வெட்டித்தான் எடுக்கணும்."

"கை விரலா, கால் விரலா?"

"கால் விரல்."

"அப்ப பரவாயில்ல. மோதிரத்துக்கு ஆபத்தில்ல."

"பனிப்பாளத்துல விரிசல் இருக்கும். மேல பனி மூடியிருக்கும். காலை வெச்சா அவ்ளோதான், பாதாளம்!"

"கயிறு கட்டுவாங்கன்னீங்களே?"

"கயிறு அறுந்துட்டா?"

"நல்ல கயிறா கட்டச் சொல்லுங்க. இதையெல்லாம் நான் வந்து சொல்லணுமா?"

அடுத்த நம்பிக்கை டாக்டர். ரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டு, எதையாவது ஒன்றைச் சாக்காகச் சொல்லி நிறுத்திவிடுவார் என்று என்னையும் அழைத்துக்கொண்டு போனார். போவதற்கு முன் உப்பு பிஸ்கட் ஒரு பாக்கெட் தின்றதை நான் பார்த்தேன். டாக்டர் அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு எழுந்து நின்று கை குலுக்கினார். "குதிரை சார் நீங்க! இப்படி ஒரு இதயத்தை இந்த வயசுல நான் பார்த்ததில்ல."

"இன்னொரு தடவை பாருங்க டாக்டர்."

"எத்தனை தடவை பார்த்தாலும் குதிரைதான்."

வெளியே வந்த குதிரை ஆட்டோ பிடித்து வீடு வந்து சேர்ந்தது.

அந்த வாரமே வழிகாட்டி வீட்டுக்கு வந்தார். வெயிலும் பனியும் மாறி மாறிச் சுட்ட முகம், கம்பி மாதிரி உடம்பு, நடுவயதுப் பெண்மணி. அவரை மலைக்காரம்மா என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். காபியை ஒரே மூச்சில் குடித்தார். பேச்சும் அப்படித்தான்.

"பயமிருந்தா இப்பவே சொல்லிடுங்க சார். மேல வந்து சொன்னா எனக்குச் சிரமம்."

"பயமா? எனக்கா?" இவர் சிரித்தார். சிரித்தபடியே கடைக்கண்ணால் என்னைப் பார்த்தார். "எனக்கென்னங்க, இப்பவே கிளம்புவேன். வீட்டுலதான்... பொம்பளை மனசு..."

மலைக்காரம்மா என் பக்கம் திரும்பினார். "என்னம்மா சொல்றீங்க?"

"ஸ்வெட்டர் அங்க போய் வாங்கலாமா, இங்கேயே வாங்கணுமா?" என்றேன்.

மலைக்காரம்மா பயிற்சி சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். முதுகில் பாரத்தோடு தினமும் மாடிப்படி ஏற வேண்டும். பாரத்துக்கு இவர் தலையணையைத் திணித்துக்கொண்டு கிளம்பினார். நான் அதை எடுத்துவிட்டுக் கீழ்க் கடையில் வாங்கிய அரிசியை வைத்தேன். அரிசி மேலே வந்து சேர்ந்ததும் உருளைக்கிழங்கு. பிறகு தண்ணீர்க் கேன். செய்தி பரவி அக்கம்பக்கத்தார், "சார், எப்படியும் ஏறத்தானே போறீங்க" என்று ஆளுக்கொரு சாமானைக் கொடுத்துவிட்டார்கள். லிஃப்ட்டையே கண்ணால் பார்க்கக்கூடாது என்று மலைக்காரம்மா உத்தரவு. வாழ்க்கையில் முதல்முறையாக எங்கள் வீட்டில் எந்தச் சாமானும் தீர்ந்துபோகவில்லை.

படிக்கட்டாவது பரவாயில்லை. டென்ட்தான் அவரை ஆட்டிவைத்தது. உயரத்தில் காற்று மெல்லிசாக இருக்குமாம். அதற்கு உடம்பைப் பழக்க, ஆக்ஸிஜனைக் குறைத்து ஊதுகிற மெஷினும் அதோடு ஒரு பிளாஸ்டிக் டென்ட்டும் கம்பெனியிலிருந்து வந்து இறங்கின. ஹாலில் டி.வி.க்கு எதிரே டென்ட் எழும்பிற்று. மெஷின் மாவு மில் மாதிரி இரைந்தது. இவர் உள்ளே போய் ஜிப்பை இழுத்துக்கொண்டார். நான் பார்த்துப் பதறுவேன் என்று எதிர்பார்த்து, கேட்கிற மாதிரி மூச்சு வாங்கினார்.

"என்னால... மூச்சு... விட முடியல."

"பேசாம இருந்தா மூச்சு மிச்சமாகும்."

"உனக்கு... மனசே... இல்லையா?"

"இருக்கு. இந்தாங்க காபி. ஜிப்பைக் கொஞ்சமாத் திறங்க, நல்ல காத்து உள்ள போயிடப்போகுது."

மின்கணக்கு எடுக்க வந்த ஆள் பதறிப்போனார். "உள்ள யாரும்மா?"

"வீட்டுக்காரர். மலைமேல இருக்கார். இறங்க நேரமாகும்."

கடைசி ஆயுதமாக என் அக்காவை ஏவினார். அக்கா போனில் ஓவென்று அழுதாள். "ஐயோ, அவரைத் தடுத்து நிறுத்துடி! உனக்கு என்ன கல்லு மனசா!"

"அக்கா, டி.வி. சத்தத்தைக் குறைச்சுட்டு அழு. ஜோக்கு கேக்குது."

அக்கா அழுகையைச் சட்டென்று நிறுத்தினாள். "உன் வீட்டுக்காரர்தான்டி அழச் சொன்னார். சரியா வரலையா?"

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் இவர் டென்ட்டிலிருந்து தலையை மட்டும் நீட்டி, நேராகவே விஷயத்துக்கு வந்தார். "நீ வாயைத் திறந்து வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லேன். உனக்காக நான் எதையும் விட்டுக்கொடுப்பேன்."

"எனக்காக நீங்க எவ்ளோ விட்டுக்கொடுத்திருக்கீங்கன்னு ஊரே சொல்லுது. ரத்தம், நீச்சல், பீரோ. போதும். மலையையாவது நீங்க வெச்சுக்கோங்க."

தலை உள்ளே போய்விட்டது. ஜிப் மூடிக்கொண்டது. விஷயம் எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அப்போதாவது உண்மையை ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன். மனிதர் அசரவில்லை.

வழியனுப்பு விழா ஆபீஸ் கூடத்தில் நடந்தது. மலை வடிவத்தில் கேக். மேலே பனிக்குப் பதில் க்ரீம். மேனேஜர், மலைக்காரம்மா, பல் டாக்டர் தம்பதி, முழு ஆபீஸ். அந்தத் துள்ளி எழுகிற கிளார்க்கும் இருந்தார். என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார்.

இவர் மைக்கைப் பிடித்தார். லட்சியம், உயரம், சிகரம் என்று கொஞ்சம் முழங்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா நண்பர்களே, சிகரத்தைவிட எனக்குப் பெரிசு என் மனைவி. அவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணியை நான் பார்க்க முடியாது. இப்போ, உங்க எல்லார் முன்னாடியும் கேக்கிறேன். அவ 'போகாதீங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னா, இந்த நிமிஷமே மலையை உதறிடுவேன்."

மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினார்.

கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. இவ்வளவு நாளாக இவருடைய மூளையைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். "போகாதீங்க" என்றால், இத்தனை வருஷப் பழியும் இன்றைக்கு ஒலிபெருக்கி வைத்து உறுதியாகிவிடும். "போங்க" என்றால், புருஷனைப் பனியில் தள்ளிவிட்ட ராட்சசி. எப்படிச் சொன்னாலும் இவர் உத்தமர். இவர் உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்புகூட வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் எனக்கு வழி பிறந்தது.

மைக்கை வாங்கினேன்.

"இவரைத் தனியா அனுப்ப எனக்கு மனசு இல்லீங்க. அதனால நானும் கூட ஏறப்போறேன்."

கை தட்டல் பிய்த்துக்கொண்டு போனது. மலைக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தாராளமா வாங்க. சாரைவிட நல்லாவே ஏறுவீங்க" என்றார். மேனேஜர், "ஜோடியா உச்சியில! கம்பெனிக்கே பெருமை! செலவு எங்களுது!" என்று கத்தினார்.

என் கணவரின் முகம் வெளிறிப்போவதைப் பார்த்தேன். தடுப்பதற்கு வீட்டில் இருந்த ஒரே ஆளும் மலைக்குக் கிளம்பிவிட்டாள். இனி அவருக்கும் அந்த உச்சிக்கும் நடுவே யாருமே இல்லை. என்மேல் அக்கறையும் கொஞ்சம் இருந்திருக்கும், இல்லையென்று சொல்லமாட்டேன். மைக்கைப் பாய்ந்து பிடுங்கினார்.

"முடியாது! நீ வரக்கூடாது! நான் விட மாட்டேன்!"

ஒலிபெருக்கி வீலென்று கத்தி ஓய்ந்தது.

"ஏன் சார்?" என்றார் மேனேஜர். "அவங்க ஆசைப்படுறாங்களே."

"குளிர் சார்... விரல் போயிடும்... விரிசல்..."

"உங்களுக்கு அதெல்லாம் இல்லையா?"

"இவளை விட்டுட்டு நான் மட்டும் எப்படி... அதனால நானும் போகல! ரெண்டு பேருமே போகல!" சொல்லிவிட்டு, கை தட்டுவார்கள் என்று சுற்றிலும் பார்த்தார். யாரும் தட்டவில்லை.

பின்வரிசையில் டைப்பிஸ்ட் பெண் பக்கத்துக்காரியிடம் சொன்னது எனக்கே கேட்டது. "இத்தனை நாளா அந்தம்மாவைத் தப்பா நினைச்சுட்டோம்டி. எல்லாத்தையும் தடுக்கிறது இவர்தான் போலிருக்கு."

மேனேஜர் என்னிடம் குனிந்தார். "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க மேடம். நாங்க பேசி அவரைச் சம்மதிக்க வைக்கிறோம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "வேண்டாம் சார். அவர் விடாம நான் எங்கேயும் போனதில்ல." அப்பட்டமான பொய். கன்னியாஸ்திரீகள் மன்னிக்கட்டும்.

பல் டாக்டர் கண்ணைத் துடைத்தபடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கிளார்க் கேக்கின் உச்சியை, க்ரீமோடு, அப்படியே வெட்டி எனக்குக் கொண்டுவந்தார். இவருக்கு யாரும் தட்டு நீட்டவில்லை.

திரும்பும்போது டாக்ஸியில், ஜன்னல் பக்கமே பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. நான் என்னமோ உன்னை அடக்கி வெச்சிருக்கிற மாதிரி. நான் அப்படியா? நாளைக்கு எந்த முகத்தோட ஆபீஸ் போறது?"

"ரெண்டு நாள் கஷ்டமா இருக்கும்," என்றேன். "அப்புறம் பழகிடும். எனக்குப் பழகலையா?"