தியோடர் சார் பார்த்த படம்

படம் பார்ப்பவர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. டிக்கெட் எடுத்து, பாப்கார்ன் வாங்கி, சிரித்து, அழுது, வீட்டுக்குப் போய் சப்பாத்திக்கு மாவு பிசைகிற அப்பாவிகள். அவர்களைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. நான் சொல்ல வந்தது படம் பார்க்கத் தெரிந்தவரைப் பற்றி. இது வேறு இனம். உங்கள் ஆபீசில் ஒருவர் இருப்பார், அபார்ட்மெண்டில் ஒருவர் இருப்பார். எங்கள் தெருவில் இருப்பவர் பெயர் தியோடர். இன்சூரன்ஸ் கம்பெனியில் சீனியர் ஆபீசர். ஆனால் அப்படிச் சொன்னால் முகம் சுருங்கிவிடும்; 'சினிஃபைல்' என்று சொல்ல வேண்டும்; சினிமாவை உயிராய் நேசிப்பவர் என்று அர்த்தமாம். அதுவும் ஏதோ ஆபீஸ் ஃபைல் என்று நான் முதலில் நினைத்தது என் அறியாமை.

பெங்களூரே வரிசையில் நின்று பார்த்த படத்தை "அது படமா?" என்பார். நாலே பேர் பார்த்த படத்தை "மாஸ்டர்பீஸ்" என்பார். அதை நம்பி ஐந்தாவது ஆளாக நீங்களும் போய்ப் பார்த்துவிட்டு நன்றாக இருந்தது என்று சொன்னீர்களோ, போச்சு: "அந்த டைரக்டரோட பழைய படங்களப் பாத்திருந்தா இப்படிச் சொல்லமாட்டீங்க." விமர்சகர்களா? காசு வாங்கிக்கொண்டு எழுதுபவர்கள். காசு வாங்காதவர்கள்? விவரம் தெரியாதவர்கள். திரைப்பட விழாவா? கண்டவர்களும் வர ஆரம்பித்ததில் தரம் போய்விட்டது. வருஷம் தவறாமல் ஒரு வாரம் லீவு போட்டு, முதல் ஆளாக நின்று பாஸ் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்பவரும் அவரேதான்.

இவருக்கு ஒரு மனைவி. பெயர் டோரீன். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் அந்த அம்மாள் ஒரு படத்தையும் நிம்மதியாக அழுது முடித்ததில்லை. கைப்பையிலிருந்து கர்ச்சீஃபை எடுக்கும்போதே காதோரம் குரல் வந்துவிடும்: "அழாத டோரீன். நீ அழணும்னுதான் அங்க வயலின் போட்டிருக்கான்." கண்ணீர் பாதி வழியில் நின்றுவிடும். நிற்காமல் என்ன செய்யும்?

போன விழாவில் ஏதோ ஒரு பனி தேசத்துப் படம். மகன் வெளியூருக்குப் போனவன் திரும்பவில்லை. தாய்க்காரி தினமும் மேசையில் இரண்டு தட்டு வைக்கிறாள். கதை அவ்வளவுதான். தியோடர் முதல் அரைமணி நேரம் பார்த்தார். பிறகு போனின் வெளிச்சத்தைக் குறைத்து, மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் படத்தைப் பற்றி எழுத ஆரம்பித்துவிட்டார். எழுதும் மும்முரத்தில் காதோரம் குனிய அவருக்கு நேரமில்லை. டோரீன் முதல்முறையாக ஒரு படத்தை முழுசாகப் பார்த்தார்.

திரும்பும்போது மெட்ரோவில் டோரீன் மெல்ல ஆரம்பித்தார்.

"ஏங்க, அந்தம்மா ரெண்டாவது தட்ட மட்டும் ரெண்டு வாட்டி தொடச்சு வெக்கிறா. கவனிச்சீங்களா?"

"அதெல்லாம் வெறும் சென்டிமென்ட் டோரீன். நீ ஃபார்மைப் பாக்கணும்."

அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் ஃபிலிம் கிளப்பின் வாட்ஸாப் குழுவில் தியோடரின் பதிவு வந்தது: 'இருமுறை துடைக்கப்படும் அந்த இரண்டாவது தட்டு, இந்த நூற்றாண்டின் மிக மௌனமான அரசியல் படிமம்.' முப்பத்திரண்டு பேர் கைதட்டினார்கள். லைக் போட ஆள் வேண்டும் என்று மனைவியையும் அந்தக் குழுவில் அவர்தான் சேர்த்துவைத்திருந்தார். டோரீன் படித்தார். கணவரைப் பார்த்தார். அவர் அடுத்த கைதட்டலுக்காகக் காத்திருந்தார். டோரீன் போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

மறுநாளே கிளப் செயலாளர் கிருஷ்ணப்பா போன் செய்து, தன் கன்னடம் கலந்த தமிழில் பிடித்துக்கொண்டார். "சார், அந்த ப்ளேட் பாயின்ட் சக்கத்தா இருக்கு சார்! சண்டே மீட்டிங்ல நீங்களே மாத்தாடணும், நல்லா பேசணும்."

ஞாயிற்றுக்கிழமை. நாற்பது நாற்காலி, இருபத்தைந்து பேர், கடைசி வரிசையில் டோரீன். தியோடர் ஐம்பது நிமிஷம் பேசினார். அதில் நாற்பது நிமிஷம் தட்டு. பேசி முடித்துத் தண்ணீர் குடிக்கும்போது லாவண்யா என்ற பெண் எழுந்தாள். அவளும் விழாவில் படத்தைப் பார்த்தவள்.

"சார், கடைசி சீன்ல ஒரு தட்டுதான வெக்கிறாங்க? அப்ப அந்தம்மா எங்க உக்காந்தாங்கன்னு சொல்லவே இல்லயே?"

தியோடர் மோவாயைத் தடவினார். "அது வந்து... தரையில. அதிகாரத்துக்கு எதிரா."

"தரையிலயா?" அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். தியோடரின் கண் கடைசி வரிசைக்குப் போனது. பத்தொன்பது வருஷத்தில் மனைவியிடம் அவர் ஒரு படத்தைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அந்தப் பார்வைதான்.

டோரீன் உட்கார்ந்தபடியே சொன்னார்: "மகன் உக்கார்ற நாற்காலியிலங்க. அந்தம்மா எப்பவும் ஜன்னலுக்கு முதுகு காட்டித்தான் உக்காருவா. அன்னிக்கு அவன் எடத்துல உக்காந்து, அவன் தெனம் பாத்துட்டிருந்த ரோட்ட இவ பாக்குறா. இனி வரமாட்டான்னு அப்பத்தான் ஒத்துக்கிறா."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. வயலின் எதுவும் இல்லை. அறையில் யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த கேள்வி எல்லாம் கடைசி வரிசைக்குத்தான் போனது. தியோடர் மைக்கைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த மாதம் நீங்கள் பேசுங்கள் மேடம் என்று கிருஷ்ணப்பா கெஞ்சினார். "வேணாங்க, நான் படம் பாக்கறதோட சரி" என்று டோரீன் கும்பிட்டுவிட்டார். அந்தச் சனிக்கிழமை, தன் பள்ளியில் வேலை பார்க்கும் ஆஞ்சலா டீச்சரோடு, ஊரே பார்க்கிற ஒரு படத்துக்குப் போய், இடைவேளைக்கு முன்னும் பின்னும் ஆசைதீர அழுதுவிட்டு, முகம் வீங்க வீடு வந்தார்.

"எப்படி இருந்துச்சு?" என்றார் தியோடர்.

"சொல்லமாட்டேன். சொன்னா நீங்க எழுதிடுவீங்க."

மனிதர் திருந்தியிருப்பார் என்கிறீர்களா? நேற்று பால் வாங்குகிற இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "டோரீனுக்கு என்ன ஒரு கண்ணு பாத்தீங்களா சார்? எல்லாம் பத்தொன்பது வருஷமா நான் குடுத்த ட்ரெயினிங்!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, 'ஆரம்பம் பரவாயில்லை, நடுவில் கொஞ்சம் இழுவை, முடிவை இன்னும் கூராக வைத்திருக்கலாம்' என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதா? கேட்டிருந்தால், அடுத்தமுறை தியேட்டரில் விளக்கு அணைவதற்கு முன்னால் பக்கத்து சீட்டைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களோடு வந்தவர் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா?